குப்பைத்தொட்டிக் கட்டளையும் வழங்கிச் செருகுநிரலும்: ஒரு விமர்சனம்

லினக்சு வழங்கிகளில் கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு மாற்றாக, அழிக்கச் சொன்ன கோப்பை ஒரு குப்பைத்தொட்டி அடைவுக்குள் நகர்த்தி வைக்கும் கட்டளைவரிக் கருவிகள் பல உள்ளன. அவற்றுள் நன்கு அறியப்பட்டது ஆண்ட்ரியா பிரான்சியா பைத்தான் மொழியில் எழுதிய டிராஷ்-சிஎல்ஐ என்னும் கட்டற்ற மென்பொருளாகும். இத்தகைய கருவியை, அன்ரெய்ட் போன்ற வீட்டு வழங்கி இயக்குதளங்களில் ஒரே சொடுக்கில் நிறுவக்கூடிய செருகுநிரலாகப் பொதியாக்கும் எண்ணம் இயல்பாகவே எழுவதுதான். குடும்பப் புகைப்படங்களும் பல ஆண்டு ஆவணங்களும் ஒரே பெட்டியில் கிடக்கும் இடத்தில், திரும்பப் பெற வழியில்லாத ஒரு கட்டளையைக் கண்டு அஞ்சுவதில் தவறில்லை. ஆனால் கருவி நல்லதாக இருப்பதாலேயே அதன் செருகுநிரலும் நல்லதாகிவிடாது. பொதியாக்கும்போது புதிதாக எழுதப்படும் நிறுவல், நீக்கல், துப்புரவு ஸ்கிரிப்ட்டுகள், எந்தப் பிழையிலிருந்து பயனரைக் காக்க வந்தனவோ அதே பிழைக்குப் புது வாசல்களைத் திறந்துவிடுகின்றன. அது எப்படி என்பதை அன்ரெய்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆர்எம் உண்மையில் செய்வது

ஆர்எம் கட்டளை 1971-இல் வெளிவந்த யுனிக்சின் முதல் பதிப்பிலேயே உண்டு. அது கோப்பின் உள்ளடக்கத்தைத் தொடுவதில்லை. அடைவில் பதிந்திருக்கும் பெயரை மட்டும் நீக்கும்படி கெர்னலிடம் கேட்கிறது. ஒரு கோப்புக்கு இருந்த கடைசிப் பெயரும் போய், அதை எந்த நிரலும் திறந்து வைத்திருக்கவில்லை என்றால், அது பிடித்திருந்த இடம் காலி இடமாகக் கணக்கிடப்படும். அடுத்து எழுதப்படும் எந்தக் கோப்பும் அந்த இடத்தில் உட்காரலாம். மேசைக்கணினியில் நாம் காணும் குப்பைத்தொட்டியோ கோப்பு மேலாளர்கள் தாமாகச் செய்துகொண்ட ஏற்பாடு. கெர்னலுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. முனையத்தில் நுழைந்து வேலை செய்பவருக்கு அந்த ஏற்பாடு கிடையாது.

கட்டளைக்குள்ளேயே சில தடுப்புகள் பின்னாளில் வந்தன. 2005-இல் வெளியான சோலாரிசு 10, வேர் அடைவையே அழிக்கச் சொல்லும் கட்டளையை ஏற்க மறுத்தது. 2006-இல் குனூ கோர்யுடில்சு 6.4 அதே தடுப்பை இயல்புநிலையாக்கியது. ஆனால் இது வேர் அடைவை அப்படியே பெயர் சொல்லி அழிப்பதை மட்டுமே தடுக்கும். வேர்க்குறியை அடுத்து ஒரு நட்சத்திரக்குறி வந்துவிட்டால், ஷெல் அதை உள்ளிருக்கும் அடைவுகளின் பெயர்களாக விரித்துக் கொடுத்துவிடும். தடுப்பு வாய்மூடி நிற்கும். ஒவ்வொரு கோப்புக்கும் கேட்டுக் கேட்டு அழிக்கும் விருப்பமும் உண்டு. நாற்பதாவது கேள்விக்குப் பிறகு யாரும் கேள்வியைப் படிப்பதில்லை. மூன்று கோப்புகளுக்கு மேல் அழிக்கும்போது ஒரே ஒரு முறை கேட்கும் பெரிய எழுத்து ஐ விருப்பம் இதைவிட எவ்வளவோ மேல். ஏனோ அதைப் பயன்படுத்துவோர் குறைவு.

வெற்று மாறி

பொதுவெளியில் பதிவான சில அழிப்பு விபத்துகளை அருகருகே வைத்துப் பார்த்தால், எல்லாம் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல என்பது புலப்படும்.

2017 சனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது கைப்பிழை. நகல் தரவுத்தள வழங்கியில் காலி செய்ய வேண்டிய அடைவை, பொறியாளர் ஒருவர் முதன்மை வழங்கியில் காலி செய்யத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தியபோது, ஏறத்தாழ 300 ஜிபி தரவில் 4.5 ஜிபி மட்டுமே எஞ்சியிருந்தது. நாள்தோறும் எடுக்கப்படுவதாக நம்பப்பட்ட காப்புநகல், மென்பொருள் பதிப்பு முரண்பாட்டால் எடுக்கப்படாமலே இருந்ததும் அன்றுதான் தெரியவந்தது. ஆறு மணி நேரத்துக்கு முந்தைய ஸ்னாப்ஷாட் ஒன்று தற்செயலாக இருந்ததால் பெரும்பகுதி மீண்டது.

2015-இல் ஸ்டீம் விளையாட்டுத் தளத்தின் லினக்சு நிரலில் நடந்தது வேறு. அதன் ஸ்கிரிப்ட், தான் நிறுவப்பட்ட அடைவின் பாதையை ஒரு மாறியில் வைத்து, அதன் உள்ளிருப்பவற்றை அழித்தது. அடைவு இடம்பெயர்க்கப்பட்டிருந்த சில கணினிகளில் அந்த மாறி வெறுமையாக வந்தது. விளைவாக வேர்க்குறியும் நட்சத்திரக்குறியும் மட்டும் மிஞ்சி, பயனரின் கோப்புகள் அனைத்தும் அழியத் தொடங்கின. அந்த வரியின் மேலே, இது அச்சமூட்டுவது என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லை நிரலாளர் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். அச்சம் இருந்திருக்கிறது, சோதனைதான் இல்லை.

2011-இல் பம்பிள்பீ என்னும் வரைகலை மென்பொருளின் நிறுவல் ஸ்கிரிப்ட்டில் பாதையின் நடுவே தவறி விழுந்த ஓர் இடைவெளி, யூஎஸ்ஆர் என்னும் முக்கிய அமைப்பு அடைவை முழுவதுமாக அழிக்கும் கட்டளையாக மாறிப்போனது.

இவற்றுள் மிகப் பெரியது கியோட்டோ பல்கலைக்கழகத்தில் நடந்தது. 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை அதன் மீத்திறன் கணினியின் சேமிப்பகத்திலிருந்து 77 டிபி அளவுள்ள சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றுள் நான்கு குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை. பத்து நாளுக்கு மேற்பட்ட பதிவுக் கோப்புகளை மட்டும் நீக்க வேண்டிய ஸ்கிரிப்ட் அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் புதிய பதிப்பு எழுதப்பட்டது. பாஷ் ஒரு ஸ்கிரிப்ட்டை முழுவதுமாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, சிறிது சிறிதாகப் படித்துக்கொண்டே ஓட்டும். எனவே பாதியில் புதிய கோப்பின் நடுப்பகுதியிலிருந்து படிக்கத் தொடங்கியது. அங்கே மாறிக்கு மதிப்பு எதுவும் தரப்பட்டிருக்கவில்லை. வன்பொருள் வழங்கிய எச்பிஇ நிறுவனம் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது.

இந்த நான்கில் குப்பைத்தொட்டிக் கட்டளை உதவியிருக்கக்கூடியது கிட்லேப்பில் மட்டுமே. அங்கே ஒரு மனிதர் முனையத்தில் தட்டச்சு செய்தார். அவர் விரல் டிராஷ்-புட் என்று அடித்திருந்தால், 300 ஜிபி அடைவு ஒரே நொடியில் பெயர் மாறிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மற்ற மூன்றிலும் அழித்தவை ஸ்கிரிப்ட்டுகள். ஸ்கிரிப்ட்டுக்குக் கைப்பழக்கம் கிடையாது, அதில் எழுதப்பட்டிருப்பதுதான் நடக்கும். செருகுநிரல் என்பதும் வழங்கியில் ரூட் அதிகாரத்தோடு ஓடும் ஸ்கிரிப்ட்டுகளின் தொகுப்பே.

தொட்டி எங்கே இருக்கிறது

டிராஷ்-சிஎல்ஐ தன் போக்கில் ஒரு தொட்டியை உருவாக்கிக்கொள்வதில்லை. க்னோம், கேடிஇ ஆகிய மேசைச்சூழல்கள் பின்பற்றும் ஃப்ரீடெஸ்க்டாப் குப்பைத்தொட்டி விவரக்குறிப்பையே அதுவும் பின்பற்றுகிறது. இந்த விவரக்குறிப்பு எளிமையானது, நன்கு சிந்திக்கப்பட்டதும்கூட. தொட்டிக்குள் இரண்டு அடைவுகள். ஒன்றில் கோப்புகள், மற்றொன்றில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சிறு தகவல் கோப்பு. கோப்பு முன்பு இருந்த பாதையும் அழிக்கப்பட்ட நாள், நேரமும் அதில் எழுதப்படும். பயனரின் இல்ல அடைவுக்கு உள்ளே ஒரு தொட்டி இருக்கும். வேறு வட்டுகளிலிருந்து அழிக்கப்படுபவற்றுக்கு அந்தந்த வட்டின் உச்சி அடைவிலேயே, பயனர் எண்ணைப் பின்னொட்டாகக் கொண்ட ஒரு மறைவு அடைவு தொட்டியாகும். காரணம் தெளிவானது. ஒரே கோப்பு முறைமைக்குள் நகர்த்துவது வெறும் பெயர் மாற்றம், அளவு எவ்வளவானாலும் நொடியில் முடிந்துவிடும். ஒரு முறைமையிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவதோ முழுதும் நகலெடுத்துப் பின் மூலத்தை அழிப்பதாகும்.

எல்லாவற்றையும் இல்லத் தொட்டியிலேயே போட்டுவிடும் வழியையும் விவரக்குறிப்பு அனுமதிக்கிறது. எங்கிருந்து அழித்தாலும் வேலை செய்யும், ஆனால் நகலெடுக்கும் செலவு ஏற்படும் என்று அதுவே எச்சரிக்கிறது. மடிக்கணினியில் இந்த எச்சரிக்கைக்கு அவ்வளவு கனமில்லை. அன்ரெய்டில் அதன் பொருள் முற்றிலும் வேறு.

அன்ரெய்ட் ஸ்லாக்வேரை அடிப்படையாகக் கொண்ட இயக்குதளம். வழக்கமாக ஒரு யுஎஸ்பி பென்டிரைவிலிருந்து தொடங்கி, தன்னை முழுவதும் ராம் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு ஓடும். ரூட் பயனரின் இல்ல அடைவும் நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரம் போய் வந்தால் அங்கே எழுதியது எதுவும் இருக்காது. இந்த நிலையில், இல்லத் தொட்டியையே நம்பும் செருகுநிரல் 40 ஜிபி காணொளி ஒன்றை 16 ஜிபி நினைவகத்துக்குள் நகலெடுக்க முயலும். வழங்கி திணறும், சிறிய கோப்புகளானால் திணறாமல் ஏற்றுக்கொள்ளும். இரண்டாவதுதான் மோசம். தொட்டியில் இருக்கிறது என்ற நிம்மதியோடு பயனர் மறுதொடக்கம் செய்வார், தொட்டி புத்தம் புதிதாகக் காலியாக இருக்கும்.

இது அன்ரெய்டுக்கு மட்டும் உரிய சங்கடம் அன்று. ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட ரிப் என்னும் கருவி, அழித்தவற்றை இயல்பாகத் தற்காலிகக் கோப்புகளுக்கான டெம்ப் அடைவின் கீழ் ஒரு கல்லறை அடைவில் வைக்கிறது. ஃபெடோராவிலும் டெபியன் 13-இலும் அந்த டெம்ப் அடைவு இயல்பாகவே நினைவகத்தில் இருப்பது. கருவியை எழுதியவர் மனத்தில் இருந்த கணினி வேறு, அதை நிறுவுபவரின் கணினி வேறு. அந்த இடைவெளியை நிரப்புவதுதான் பொதியாக்குபவரின் முதல் வேலை. இருமக் கோப்பை உரிய இடத்தில் வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று எண்ணும் செருகுநிரல், அந்த வேலையைத் தொடங்கவே இல்லை.

வட்டுகளிலேயே தொட்டி வைத்தாலும் அன்ரெய்டில் இன்னொரு முடிச்சு உண்டு. அதில் ஒவ்வொரு வட்டும் தனிக் கோப்பு முறைமை. அவற்றின் உச்சியில் ஒரே பெயரில் உள்ள அடைவுகளை ஒன்றாகச் சேர்த்து, பயனர் பகிர்வு என ஒரு கூட்டுத் தோற்றத்தை ஃப்யூஸ் அடிப்படையிலான ஓர் அடுக்கு காட்டுகிறது. ஆகவே ஒரு கோப்புக்கு இரண்டு பாதைகள்: வட்டின் வழியே ஒன்று, கூட்டுத் தோற்றத்தின் வழியே மற்றொன்று. எந்தப் பாதையிலிருந்து அழித்தோமோ அதைப் பொறுத்துத் தொட்டியின் முகவரியும் மாறும். தொட்டிகளைப் பட்டியலிடும் கட்டளை கூட்டுத் தோற்றத்தின் ஏற்றப்புள்ளியைத் தேடலில் சேர்க்காவிட்டால், உள்ளே போட்ட கோப்பு பட்டியலில் வராது. கோப்பு வட்டில் இருக்கும், பயனர் தொலைந்தது என்று நினைப்பார். செருகுநிரலை வெளியிடுமுன் இரு பாதைகளிலிருந்தும் ஒரு கோப்பைப் போட்டு, பட்டியலிட்டு, மீட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். மீட்கப்பட்டதைச் சோதிக்காத தொட்டி, தொட்டி ஆகாது.

பெயரைப் பறிப்பது

இத்தகைய செருகுநிரல்களில் எல்லோரும் கேட்கும் வசதி ஒன்று உண்டு. ஆர்எம் என்று அடித்தாலே குப்பைத்தொட்டிக்குப் போக வேண்டும், புதுக் கட்டளையை யார் நினைவில் வைப்பது என்பார்கள். மாற்றுப்பெயர் ஒன்றை அமைத்தால் இது ஒரு வரி வேலை. ஆனால் டிராஷ்-சிஎல்ஐ ஆசிரியரே தம் கையேட்டில் இதை வேண்டாம் என்கிறார். தொடக்கத்தில் நல்ல யோசனை என நினைத்ததாகவும் பின்னர் மனம் மாறியதாகவும் சொல்கிறார். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் நடத்தையில் வேறுபடும். ஆர்எம் ஓர் அடைவை அழிக்கத் தனி விருப்பம் கேட்கும், டிராஷ்-புட் கேட்காது. அவர் தரும் மாற்று வழி, ஆர்எம் என்று அடித்தால் இது நீங்கள் தேடும் கட்டளை அன்று எனச் சொல்லி நின்றுவிடும் ஒரு மாற்றுப்பெயர். எரிச்சலூட்டும் ஏற்பாடுதான். அந்த எரிச்சலே கையை நிறுத்துகிறது.

நானும் சில மாதங்கள் ஆர்எம் என்ற பெயரைக் குப்பைத்தொட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தவன்தான். அதன் விலை என் கணினியில் தெரியவில்லை. மாற்றுப்பெயர் இல்லாத இன்னொரு கணினியில், அதே அலட்சியக் கையோடு ஓர் அடைவை அழித்த அன்று தெரிந்தது. பாதுகாப்பு கணினியில் இருந்தது, பழக்கமோ என்னோடு கூடவே வந்துவிட்டது.

வழங்கியில் இது மேலும் சிக்கலாகும். மாற்றுப்பெயர் ஊடாடும் ஷெல்லில் மட்டும் செல்லும், ஸ்கிரிப்ட்டுகளில் இயல்பாகச் செல்லாது. அதனால் சிலர் ஒரு படி மேலே போய், கட்டளைகளைத் தேடும் பாதைவரிசையின் முன்பகுதியில் ஆர்எம் என்ற பெயரிலேயே தம் நிரலை வைத்துவிடுகின்றனர். அப்போது வழங்கியில் ஓடும் எல்லா ஸ்கிரிப்ட்டுகளும் தொட்டிக்குள் போடத் தொடங்கும். தற்காலிகக் கோப்புகள், பழைய பதிவுகள், பாதியில் நின்ற தரவிறக்கங்கள் எல்லாம் சேரும். வழங்கியில் பெரும்பாலான அழிப்புகள் இடத்தை விடுவிக்கவே நடக்கின்றன. இடம் விடுபட்டது என்று நம்பி ஸ்கிரிப்ட் அடுத்த வேலைக்குப் போகும். வட்டு நிரம்பும்போது காரணம் எங்கே என்று தேடுபவர் கண்ணில் ஒரு மறைவு அடைவு எளிதில் படாது. இவ்வளவு செய்தும் ஸ்கிரிப்ட் விபத்துகளை இது முழுதாகத் தடுக்காது. ஃபைன்ட் கட்டளையின் அழிக்கும் வசதி ஆர்எம்மைத் தேடுவதே இல்லை, நேராகக் கெர்னலை அழைக்கும். டாக்கர் கொள்கலனுக்குள் ஓடும் நிரல் அழிப்பதும் செருகுநிரலின் கண்ணில் படாது.

துப்புரவு என்னும் பொறி

தொட்டி வைத்தால் அதை யாராவது காலி செய்ய வேண்டும். டிராஷ்-எம்ப்டி கட்டளையோடு 30 என்று சேர்த்தால் முப்பது நாளுக்கு முன் போடப்பட்டவை மட்டும் அழியும். நாள் எண்ணிக்கை எதுவும் தராமல் அழைத்தால் தொட்டி முழுவதும் காலியாகும்.

இப்போது ஒரு செருகுநிரலை எண்ணிப் பார்க்கலாம். அன்ரெய்டின் இணைய இடைமுகத்தில் அதற்கு ஓர் அமைப்புப் பக்கம். எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பெட்டி. பயனர் 30 என எழுதிச் சேமிக்கிறார். அது பென்டிரைவில் ஓர் அமைப்புக் கோப்பில் பதிவாகிறது. நாள்தோறும் அதிகாலையில் கிரான் ஒரு ஸ்கிரிப்ட்டை எழுப்புகிறது. அது அமைப்புக் கோப்பைப் படித்து, நாள் எண்ணிக்கையை மாறியில் ஏற்றி, மாறியோடு டிராஷ்-எம்ப்டியை அழைக்கிறது. ஒரு நாள் பென்டிரைவ் பழுதாகி அமைப்புக் கோப்பு படிக்கக் கிடைக்கவில்லை. அல்லது புதிய பதிப்பில் மாறியின் பெயர் மாற்றப்பட்டு, பழைய அமைப்புக் கோப்பில் பழைய பெயரே இருக்கிறது. அல்லது பயனர் பெட்டியை வெறுமையாக விட்டுச் சேமித்துவிட்டார், நிரந்தரமாக வைத்திரு என்ற பொருளில். மாறி வெறுமை. மேற்கோள்குறிக்குள் வைக்கப்படாத வெற்று மாறி ஷெல்லில் இல்லாமலே போய்விடும். எஞ்சுவது நாள் எண்ணிக்கை இல்லாத டிராஷ்-எம்ப்டி. அதிகாலையில் திரையின் முன் கேள்வி கேட்க யாரும் இல்லை. தொட்டி காலி.

ஸ்டீமிலும் கியோட்டோவிலும் நடந்தது இதுதான், அளவு மட்டும் சிறியது. அங்கே அழிந்தது பயன்பாட்டில் இருந்த தரவு. இங்கே அழிவது, பயனர் தவறுதலாக அழித்து, தொட்டியில் பத்திரமாக இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் தரவு. பாதுகாப்புக்கென்று சேர்த்த கருவியால் நேரும் இழப்பு, கருவியே இல்லாமல் நேர்ந்த இழப்பைவிடக் கசப்பானது. கருவி இல்லாதவர் குறைந்தது கவனமாகவாவது இருந்திருப்பார்.

இதைத் தவிர்ப்பதற்கான வழிமுறைகள் புதியவை அல்ல. மாறி வெறுமையானால் அங்கேயே பிழைச்செய்தியோடு நின்றுவிடச் சொல்லும் எழுத்துமுறை பாஷிலேயே உண்டு. மதிப்பு எண்தானா, பூச்சியத்தைவிடப் பெரியதா என்று ஒரு சோதனை போட்டால் போதும். வெறுமை என்றால் எதையும் அழிக்காதே என்ற பக்கம் சாய வேண்டும், எல்லாவற்றையும் அழி என்ற பக்கம் அல்ல. இன்னும் ஒரு படி மேலே போனால், எம்ப்டி கட்டளையை நேராக அழைக்காமல், அழியப் போகிறவற்றின் எண்ணிக்கையை முதலில் கணக்கிட்டு, வழக்கத்துக்கு மாறாக மிகுதியானால் அழிக்காமல் அறிவிப்பு மட்டும் அனுப்பலாம். கியோட்டோ தரும் இன்னொரு பாடம் புதுப்பித்தலைப் பற்றியது. செருகுநிரலைப் புதுப்பிக்கும்போது ஓடிக்கொண்டிருக்கக்கூடிய ஸ்கிரிப்ட்டின்மேல் நேராக எழுதக் கூடாது. புதிய கோப்பைத் தனிப் பெயரில் எழுதி, பின்னர் பெயரை மாற்ற வேண்டும். அப்படிச் செய்தால் ஓடிக்கொண்டிருப்பது பழைய கோப்பையே இறுதிவரை படிக்கும்.

ஏற்கெனவே இருக்கும் வழிகள்

குப்பைத்தொட்டியை வழங்கிச் செருகுநிரலாக்கும் எண்ணம் புதிதன்று. சம்பா மென்பொருளில் ரீசைக்கிள் என்னும் கூறு நெடுங்காலமாக உண்டு. வலையமைப்பு வழியே விண்டோசு கணினியிலிருந்து ஒருவர் கோப்பை அழித்தால், அதைப் பகிர்வுக்குள் இருக்கும் ஒரு மறைவு அடைவுக்கு நகர்த்திவிடும். அடைவு அமைப்பைக் காப்பாற்றவும், ஒரே பெயரில் பல பதிப்புகளை வைக்கவும், பெருங்கோப்புகளை விலக்கவும் விருப்பங்கள் உண்டு. பயனர் எந்தப் புதுக் கட்டளையையும் கற்க வேண்டியதில்லை என்பது இதன் பெரும் பலம். அழிப்புக் கோரிக்கை வரும் வழியிலேயே இது உட்கார்ந்திருக்கிறது. முனையத்தில் நுழைந்து அழிப்பவரை மட்டும் இது பார்க்காது.

இதன் பலவீனமும் துப்புரவில்தான். நாள் கணக்கு வைத்துக் காலி செய்யும் வசதி இந்தக் கூறிடம் இல்லாததால், பலரும் ஃபைன்ட் கட்டளையோடு ஒரு கிரான் வேலையை எழுதிக்கொள்கின்றனர். கடைசியாக மாற்றப்பட்ட நாளை வைத்துத் தேடினால் ஒரு பொறி காத்திருக்கும். கோப்பை நகர்த்தினால் அதன் மாற்ற நாள் மாறாது. 2015-இல் எடுத்த திருமணப் புகைப்படத்தை நேற்று தவறாக அழித்திருந்தால், இன்று அதிகாலைத் துப்புரவுக்கு அது பல ஆண்டுப் பழைய குப்பை. நகர்த்தும்போது நேரமுத்திரையைப் புதுப்பிக்கும் விருப்பங்கள் சம்பாவில் இருக்கின்றன, ஆனால் அவை இயல்பாக இயங்குவதில்லை. அழித்த நாளைத் தனிக் கோப்பில் எழுதி வைக்கும் ஃப்ரீடெஸ்க்டாப் முறையின் அருமை இங்கேதான் விளங்கும்.

லிப்டிராஷ் என்னும் நூலகம் நிரல்களுக்கும் கெர்னலுக்கும் இடையே புகுந்து அழிப்பு அழைப்பையே திசைதிருப்ப முயன்றது. துணிச்சலான வழி. நூலகங்களை உள்ளடக்கித் தொகுக்கப்பட்ட நிரல்கள் அதற்குப் பிடிபடாது.

ஸ்னாப்ஷாட் வேறு தளத்தில் நிற்பது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகளில், யார் அழித்தாலும், எந்தக் கட்டளையால் அழித்தாலும், முன்பு எடுத்த நிலை அப்படியே இருக்கும். என் மதிப்பீட்டில், வசதி உள்ளவர் முதலில் செய்ய வேண்டியது இதுவே. அன்ரெய்டு 6.12 பதிப்பிலிருந்து இசட்எஃப்எஸ் ஆதரவு தருகிறது. ஆனால் அன்ரெய்டின் வட்டு வரிசையில் இயல்பாக அமைவது எக்ஸ்எஃப்எஸ், அதில் ஸ்னாப்ஷாட் கிடையாது. வட்டு கெட்டால் மீட்கும் பாரிட்டி ஏற்பாட்டைச் சிலர் காப்புநகல் என்று எண்ணுகின்றனர். ஒரு கோப்பை அழித்த கணமே பாரிட்டியும் அந்த அழிப்பைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ஆகவே எக்ஸ்எஃப்எஸ் வட்டுகளோடு முனையத்தில் வேலை செய்யும் வீட்டுப் பயனருக்குக் குப்பைத்தொட்டிக் கட்டளை உண்மையிலேயே தேவைப்படும் ஒன்றுதான். அதனால்தான் அது ஒழுங்காகப் பொதியாக்கப்பட வேண்டும் என்று இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது.

பொதியின் உள்ளே

அன்ரெய்டின் செருகுநிரல் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பு. எந்தக் கோப்பை எங்கிருந்து தரவிறக்குவது, எங்கே வைப்பது, எந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டுவது, நீக்கும்போது என்ன செய்வது என்பவை அதில் இருக்கும். இயக்குதளம் நினைவகத்தில் ஓடுவதால், பென்டிரைவில் உள்ள இந்தக் கோப்பு ஒவ்வொரு தொடக்கத்திலும் மீண்டும் ஓட்டப்படும். அதாவது நிறுவல் ஸ்கிரிப்ட்டில் ஒரு பிழை இருந்தால் அது ஒரு முறை நடந்து முடிவதில்லை, ஒவ்வொரு தொடக்கத்திலும் ரூட் அதிகாரத்தோடு வாய்ப்புக் கேட்டு நிற்கும். டெபியனை அடிப்படையாகக் கொண்ட ஓப்பன்மீடியாவால்ட் போன்ற தளத்தில் கட்டளையைப் பொதிக் களஞ்சியத்திலிருந்தே நிறுவிக்கொள்ளலாம், அது வட்டில் நிலைத்திருக்கும். அங்கே தனிச் செருகுநிரலின் தேவையே குறைவு.

பைத்தானில் எழுதப்பட்ட கருவியானால் பைத்தானையும் அதன் நூலகங்களையும் ஒவ்வொரு தொடக்கத்திலும் நினைவகத்தில் பரப்ப வேண்டும். இயக்குதளத்தின் அடுத்த பதிப்போடு அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கோ அல்லது ரஸ்ட் மொழியில் எழுதி ஒற்றை இருமக் கோப்பாகத் தொகுத்த கருவி இங்கே பொருத்தமானது. தரவிறக்கிய கோப்பின் சரிபார்ப்புத் தொகையைச் செருகுநிரல் கோப்பிலேயே எழுதி ஒப்பிட வசதி உண்டு. ரூட்டாக ஓடப்போகும் ஒன்றுக்கு அதை எழுதாமல் விடுவது சோம்பல்.

நீக்கல் ஸ்கிரிப்ட்டைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன். செருகுநிரலின் தடயங்களை எல்லாம் துடைத்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் பொதியாக்குபவர் அங்கே ஓர் அழிப்பு வரி எழுதியிருப்பார். பெரும்பாலும் அது மாறியோடு இருக்கும். துடைக்கப்படும் தடயங்களில் குப்பைத்தொட்டியும் ஒன்றா? செருகுநிரலை நீக்குபவர் கட்டளை வேண்டாம் என்கிறார், தொட்டியில் கிடக்கும் கோப்புகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை அவருடையவை. நீக்கல் ஸ்கிரிப்ட் தன் இருமக் கோப்பையும் கிரான் வரியையும் எடுத்துக்கொண்டு, எந்தெந்த வட்டில், எந்தப் பாதையில், எத்தனை கோப்புகள் எவ்வளவு இடம் பிடித்து இன்னும் இருக்கின்றன என்று திரையில் காட்டிவிட்டு, அவற்றைத் தொடாமல் வெளியேற வேண்டும்.